ஆள் வெளியே போயிருக்கிறார்

ஆரியசாலை,
16.3.2025

அன்பு மகள் கலைச்செல்விக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். வலது முட்டு மட்டும் என்னோடு சேராமல் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிறது. மலைக் குளிரில் நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பாய். கடை வாசலில் ஒருவர் தோளில் காக்கிப் பையோடு வந்து நின்று, "ஜெயந்த் தாணுமாலையன்டெ அச்சன் இவிடெ உண்டோ?" என்று கேட்டார். பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சம்மன் கொண்டு வருகிற கோர்ட் ஆமீன். நாற்பது வருஷமாக அதே மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி முதலாளி அண்ணாச்சியின் பாக்கியை வசூல் செய்கிறவன் நான். அப்படிப்பட்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே போய் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். நான் போய் மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இந்த அறுபத்தொன்றாம் வயதில். அதுவும் குண்டூர் வத்தல், அன்றைக்கு வந்து இறங்கிய புதுச் சரக்கு.

தும்மல் வந்தது. ஒன்றோடு நின்றிருந்தால் மூட்டை வெடித்ததாகவாவது நினைத்திருப்பார்கள். நிற்கவில்லை. அழகியநம்பி அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, "தாணு, வெளிய வாரும். சரக்குல எச்சி தெறிக்கி" என்றார். சுமடு தூக்குகிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஆமீனும் சிரித்தார். நல்ல மனுஷன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஜெயந்த் என் மகன்தான் சாரே. ஆள் வெளிய போயிருக்கு" என்றேன். சரி, அப்பன் கையொப்பமிட்டு வாங்கினால் போதும் என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். அவன் கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தது. வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பேங்க் கேஸ் போட்டிருக்கிறது. ஜூலை பதினேழாம் தேதி வஞ்சியூர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும். ஒன்பதாம் கிளாஸ் படிப்புக்கு இதற்கு மேல் புரியவில்லை. நீ படித்தவள், என்ன செய்யலாம் என்று எழுது.

போனில் சொல்லியிருக்கலாம். உன் எஸ்டேட்டில் ரேஞ்ச் கிடைக்க ஒரு பாறையில் ஏற வேண்டும், ஏறினால் அம்மாவும் கூடவே ஏறுவாள். கோர்ட் என்ற சொல்லைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு மனசில்லை. அம்மாவுக்கு ஆமீனை விட்டுவிட்டுத் தும்மல் வரைக்கும் வாசித்துக் காட்டு. அதற்குக் கீழே வேண்டாம்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.
அப்பா,
தாணுமாலையன்


பொன்முடி,
27.3.2025

அன்புள்ள அப்பாவுக்குச் செல்வி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. முட்டுக்கு நான் கொடுத்த தைலத்தைப் போடுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

தும்மல் வரை வாசித்தேன். அம்மா சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

அதற்குக் கீழே இருந்ததை டிஸ்பென்சரியில் நோயாளிகள் போன பிறகு தனியாக வாசித்தேன். அப்பா, அண்ணன் இறந்து ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. எலிப்பனிக் காய்ச்சல் என்று சேர்த்து நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் நீங்களும் நானும்தான் நின்றோம். ஆமீனிடம் ஏன் வெளியே போயிருக்கிறான் என்று சொன்னீர்கள்? பேங்குக்கு இதுவரை யாரும் சொல்லவே இல்லையா?

என்னோடு படித்த ராகேலை ஞாபகம் இருக்கிறதா, நம் வீட்டில் வந்து அப்பளம் அப்பளமாகத் தின்னுவாளே. அவள் இப்போது வஞ்சியூரில் வக்கீல். ஆஃபீஸ் போனில் அவளிடம் கேட்டேன். இறந்துபோன ஆள் மேல் போட்ட கேஸ் நிற்காது என்கிறாள். அண்ணன் சொத்து ஏதாவது விட்டுப் போயிருந்தால் அதிலிருந்து கேட்கலாம், அப்பாவின் கைக்காசில் இருந்து யாரும் ஒரு பைசா கேட்க முடியாதாம். மரண சர்ட்டிபிகேட்டைக் காட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவ்வளவுதான் கேஸ்.

விஷு கழிந்ததும் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அம்மா பின்கட்டு அறையைக் கழுவி வைத்திருக்கிறாள். கோர்ட் காரியத்தால் அது தள்ளிப் போகக் கூடாது. சர்ட்டிபிகேட் கார்ப்பரேஷன் ஆஃபீஸில் கிடைக்கும். அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
செல்வி


ஆரியசாலை,
9.4.2025

அன்பு மகளுக்கு. கடிதம் வந்தது. தைலம் அலமாரியில் இருப்பது உனக்கு அங்கிருந்தே தெரிகிறது, நீ நர்ஸ் வேலைக்குப் பதில் போலீசில் சேர்ந்திருக்கலாம். அம்மாவின் இருமல் குறைந்தது சந்தோஷம்.

நீ எழுதியது சரிதான். வக்கீல் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் நடந்தது எப்படி என்று சொல்கிறேன். இந்தச் சந்தில் வசூலுக்குப் போனால் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்ல மாட்டார், தர மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். கல்லாவில் இருக்கிற ஆள், "முதலாளி வெளிய போயிருக்காரு" என்பார். முதலாளி சாக்குத் திரைக்குப் பின்னால் சாயா குடித்துக்கொண்டிருப்பார், கீழே செருப்பு தெரியும். நானும் செருப்பைப் பார்த்துவிட்டு, "வந்தா சொல்லுங்க" என்று வந்துவிடுவேன். யாருக்கும் கோபம் கிடையாது. அடுத்த சனிக்கிழமை வா என்று அதற்கு அர்த்தம். நாற்பது வருஷம் தினம் பத்துத் தடவை கேட்ட சொல்.

எல்லாம் முடிந்து நீயும் அம்மாவும் மலைக்குப் போன அந்த வாரம், அவன் போன் அடித்தது. பேங்கில் இருந்து ஒரு பெண், பெயர் ஆர்ஷா. "ஜெயந்த் சாருண்டோ?" என்று மரியாதையாகக் கேட்டாள். வாயில் வந்தது அதுதான். ஆள் வெளிய போயிருக்கு மோளே. "எப்போழா வருகா?" வரும். சனிக்கிழமை திரும்பக் கூப்பிட்டாள். பாவம், அவளும் என்னை மாதிரி வசூல்காரிதானே, வெறுங்கையோடு விடலாமா? ஜெயந்த் கொடுக்கச் சொன்னான் என்று மாசம் இரண்டாயிரம் பேங்கில் போய்க் கட்டினேன். போன ஓணம் வரைக்கும் கட்டினேன். அதன் பிறகு முட்டுவலியால் சைக்கிள் சவுட்ட முடியாமல் அண்ணாச்சி பாதி லைனை வேறு ஆளுக்குக் கொடுத்தார், சம்பளமும் பாதி. கட்டுவது நின்றது. அவர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

இப்போது பேங்க் வக்கீல் எண்பதாயிரத்துக்குச் சம்மதிக்கிறார். ஜூலை பதினேழாம் தேதிக்குள் கொடுத்தால் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்வார். அந்தக் கார்டில் வாங்கிய பிரிட்ஜ்தான் அடுக்களையில் ஓடுகிறது. நான் இதை எழுதும்போதும் உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் நின்று கடன் இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்துத் தீர்ப்பதுதான் மரியாதை.

பணத்துக்கு ஒரு வழி பார்த்து வைத்திருக்கிறேன். நீ கவலைப்படாதே. விஷுக்கு அம்மாவுக்குச் சேலை அனுப்புகிறேன்.

நல்லபடியாக இருங்கள் மக்களே.
அப்பா


பொன்முடி,
20.4.2025

அப்பாவுக்கு. சேலை வந்தது, அம்மா உடுத்தினாள். இருவரும் நலம்.

அண்ணனுடைய நம்பர் ஓடுகிறதா? சூப்பரின்டெண்ட் ஆஃபீஸில் இருந்து அடித்துப் பார்த்தேன். மணி போகிறது. யார் ரீசார்ஜ் செய்கிறார்கள்?

எடுப்பீர்களோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

பிரிட்ஜுக்கு நீங்கள் ஏற்கனவே கட்டியது போதும். இரண்டாயிரம் இரண்டாயிரமாக எத்தனை மாசம்? அது மனசை உறுத்துகிறது என்றால் அந்தப் பிரிட்ஜையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இங்கே குளிருக்குப் பால் வெளியில் இருந்தாலே கெடாது. பணத்துக்கு என்ன வழி பார்த்தீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். அண்ணாச்சியிடம் கை நீட்டினால் அவர் உங்களைக் கடையிலேயே கட்டிப் போடுவார். அவருக்கு உங்கள் மாதிரி ஆள் கிடைக்காது.

ராகேல் ஃபீஸ் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு வேண்டியது சர்ட்டிபிகேட் ஒன்று, கோர்ட்டில் நீங்கள் ஒருவர். இந்த வாரமே கார்ப்பரேஷன் ஆஃபீஸுக்குப் போங்கள் அப்பா. கோபத்தில் எழுதவில்லை.

செல்வி


ஆரியசாலை,
12.5.2025

அன்பு மகளுக்கு. பதில் எழுதத் தாமதம். கொத்தமல்லி சீசன், கடையில் தலை நிமிர நேரமில்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ரீசார்ஜ் நான்தான் செய்கிறேன். செய்யாவிட்டால் அந்த நம்பரை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம், கடைக்காரர் சொன்னார். நல்ல நம்பர்.

நீ சொன்னபடி கார்ப்பரேஷன் ஆஃபீஸுக்குப் போனேன். அதைக் கேள். பெரிய வரிசை. எனக்கு முன்னால் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு நின்றார்கள். குழந்தை என் சட்டைப் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. என் முறை வந்தது. உள்ளே இருந்த அம்மாள் தலை தூக்காமல், "பேரு?" என்றாள். ஜெயந்த், அப்பா பெயர் தாணுமாலையன் என்றேன். "ஜனனமோ மரணமோ?" என்று கேட்டாள்.

ஜனனம் என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், திருத்தவும் தோன்றவில்லை. பிறந்த தேதி, ஆஸ்பத்திரி, அம்மா பெயர் கௌசல்யா என்று எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன், பரீட்சையில் கூட இப்படிச் சொன்னதில்லை. ஃபீஸ் கட்டி, சாயங்காலம் திரும்பப் போய் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடை மட்டும் போடவில்லை. மூன்று கிலோ இருநூறு. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதற்காக அரை நாள் லீவு எடுத்த என்னைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை எழுத முடியாது. உன் அம்மா பக்கத்தில் இருப்பாள்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் கடுமை. சாப்பாடு வழக்கம் போல் பட்டர் ஹோட்டலில். உப்பு அதிகம். தூக்கம் உண்டு.

அப்பா


பொன்முடி,
25.5.2025

அப்பாவுக்கு. நலம்.

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் சிரித்துவிட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து, "என்ன எழுதியிருக்காரு?" என்றாள். அதற்குள் என் முகம் மாறியிருந்தது போல. கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள், அவளுக்கு உங்கள் கையெழுத்து ஓடாது. வாசி என்றாள். இத்தனை நாள் மறைத்ததும் போதும் என்று பழைய கடிதங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா அழவில்லை. அரிசியைக் களைந்து வைத்தாள். பிறகு சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: "நான் அண்ணைக்கே சொல்லிட்டேன். ஆம்புலன்ஸ்ல இருந்து எறங்கினதும் வாசல்ல நின்னு, பிள்ள செத்துட்டான்னு தெரு முழுக்கக் கேக்கச் சொன்னேன். ஒங்கப்பா அடுத்த வீட்டுக்காரனுக்கு நாக்காலி எடுத்துப் போட்டாரு, வந்தவங்களுக்குக் குடிக்க வெள்ளம் குடுத்தாரு, டாக்ஸிக்குப் பைசா குடுத்தாரு. ஒரு ஆளுட்டயும் அத அவரு வாயால சொல்லல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அது உண்மையா அப்பா? நான் அதைக் கவனிக்கவில்லை.

சர்ட்டிபிகேட்டுக்கு இனி நீங்கள் போக வேண்டாம். நேற்று விதுரா வரை பஸ்ஸில் போய் அக்ஷயா கம்ப்யூட்டர் சென்டரில் நானே எடுத்துவிட்டேன். பத்து நிமிஷ வேலை. இந்தக் கவருக்குள் இன்னொரு கவரில் இருக்கிறது. நீங்கள் திறக்க வேண்டும் என்று கூட இல்லை. பதினேழாம் தேதி ராகேல் கையில் கொடுத்தால் போதும்.

அம்மா உங்கள் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கக் கேட்டாள், வரும்போது கொண்டு வரச் சொன்னாள்.

செல்வி


ஆரியசாலை,
14.6.2025

அன்பு மகளுக்கு. நான் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. சந்தில் முட்டளவு தண்ணீர். வத்தல் மூட்டைகளைப் பரணில் ஏற்றினோம், ஏற்றியதில் என் பங்கு கீழே நின்று யோசனை சொன்னது.

கவர் கிடைத்தது.

அண்ணாச்சியிடம் பேசினேன். எண்பதாயிரம் அட்வான்ஸ் தந்துவிட்டார். அடுத்த வருஷ ஓணம் கழியும் வரை கடையில் நிற்பதாகப் பேப்பரில் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். நல்ல மனசோடுதான் தந்தார். "ஒமக்கு இந்த வயசுல மலையில என்ன வேலை, அட்டைக்கு ரத்தம் குடுக்கவா?" என்றார். வங்கி வக்கீலிடம் ஜூலை பதினேழாம் தேதி கோர்ட் வராந்தாவில் வைத்துத் தருவதாகப் பேச்சு.

அம்மாவிடம் இன்னும் ஒரு வருஷம் என்று பக்குவமாகச் சொல். ஒரு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். இந்த ஒன்றரை வருஷம் போகவில்லையா?

மழையில் நனையாமல் இருங்கள்.
அப்பா


பொன்முடி,
24.6.2025

அப்பாவுக்கு. இங்கே சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவள் போய்ப் பின்கட்டு அறையில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

நீங்கள் எண்பதாயிரமும் ஒரு வருஷமும் கொடுத்து வாங்குவது என்ன தெரியுமா? ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கும் உரிமை. அது பேங்குக்குத் தேவையில்லை, அண்ணனுக்கும் தேவையில்லை. கடன் மரியாதை என்றெல்லாம் எழுதாதீர்கள். எனக்கு அப்பாவைத் தெரியும்.

அந்தப் பணத்தைக் கோர்ட் நாளுக்கு முன் யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஜூலை பதினாறாம் தேதி நானும் அம்மாவும் இறங்கி வருகிறோம். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். வேண்டுமென்றால் நானே சொல்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

செல்வி


பொன்முடி,
13.7.2025

அப்பா, பதில் வரவில்லை. நன்றாக இருக்கிறீர்கள்தானே?

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டாம் வளைவில் மண் இடிந்து ரோடு போய்விட்டது. பஸ் இல்லை, ஜீப்பும் இல்லை. டிஸ்பென்சரியில் லைன் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் எலிப்பனி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன், விட்டுவிட்டு நடந்து வர முடியாது. அம்மா நடந்தே வருகிறேன் என்று கிளம்பினாள், பிடித்து உட்கார வைத்தேன். அதனால் பதினேழாம் தேதி நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். ராகேல் கோர்ட் வாசலில் நிற்பாள்.

கல்லாறு வரை நடந்து போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"நான் கௌசல்யா. நீங்க பைசா குடுத்தாலும் சரி, குடுக்காட்டாலும் சரி. எனக்கு அது ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம பிள்ளைய இப்பிடி வாசலுக்கு வெளிய நிக்க வைக்காதீங்க. மழை பெய்யிது."

செல்வி


ஆரியசாலை,
18.7.2025

அன்பு மகள் செல்விக்கும் அம்மாவுக்கும். நான் நலமாக இருக்கிறேன். ரோடு சரியானதா? காய்ச்சல்காரர்கள் எப்படி? நீ தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மற்றவர்களுக்குச் சொல்கிறவள் தான் குடிக்க மாட்டாய். உன் கடிதம் பதினாறாம் தேதி நனைந்து வந்தது. அம்மா சொன்னது மட்டும் கலையாமல் இருந்தது.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

என் வசூல் பையில் இரண்டும் இருந்தன, அண்ணாச்சியின் பணம் அடியில், உன் கவர் மேலே. ராகேல் வாசலில் நின்றாள். கறுப்புக் கோட்டில் அடையாளம் தெரியவில்லை. "அங்கிளே, அப்பளம் கொண்டு வந்நோ?" என்று கேட்டதும் தெரிந்துவிட்டது. வராந்தாவில் பேங்க் வக்கீலும் நின்றார். "இப்போ தந்நால் இவிடெ வச்சு தீர்க்காம்" என்றார். நான் பைக்குள் கையை விட்டேன். எதை எடுக்கப் போனேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஜெயந்த் தாணுமாலையன். ஜெயந்த் தாணுமாலையன். பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் வாசிக்கிற மாதிரி முழுப் பெயரையும் கூப்பிட்டார்கள். என் கால் தானாக உள்ளே போய்விட்டது.

ராகேல் பையில் இருந்து உன் கவரை எடுத்து, கிழித்து, காகிதத்தை மேலே நீட்டினாள். நான் அதுவரை அதைத் திறக்கவில்லை. ஜட்ஜ் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வாசித்தாள். பேங்க் வக்கீல் எழுந்து, இந்த ஆள்தானே மகன் கொடுக்கச் சொன்னான் என்று மாசாமாசம் கட்டினார், மகன் வெளியே போயிருக்கிறான் என்று எல்லாரிடமும் சொன்னார் என்றார். பொய் ஒன்றும் சொல்லவில்லை அவர். ஜட்ஜ் என்னைப் பார்த்து, "மகன் எவிடெ?" என்று கேட்டாள்.

வெளிய போயிருக்கான் என்றேன்.

ஆமாம் மக்களே, அங்கேயும் அதையே சொன்னேன். சர்ட்டிபிகேட் அவள் கையில் இருக்கிறது, என் வாய் இப்படிச் சொல்கிறது. ராகேல் என் முழங்கையைப் பிடித்தாள். ஜட்ஜ் கோபப்படவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி, மெதுவாக, "அப்போள் இது?" என்றாள்.

"மரிச்சுபோயி" என்றேன்.

தமிழில் வராத சொல் மலையாளத்தில் வந்துவிட்டது. வேறு யாருடைய மகனைப் பற்றியோ சொல்வது போல் வந்தது. சொன்னால் விழுந்துவிடுவேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டைப் அடிக்கிற பெண் அடித்தாள். குண்டூர் வத்தல் கிலோ என்ன விலை என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். முட்டு கூட வலிக்கவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கேஸ் நிற்காது என்று ராகேல் சொன்னதை ஜட்ஜும் சொன்னாள். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம். வராந்தாவில் பேங்க் வக்கீல் என் கையைப் பிடித்து, "அறிஞ்ஞில்லா சேட்டா" என்றார். அறியாதது அவர் குற்றமா?

சாயங்காலம் அண்ணாச்சியிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, கையொப்பமிட்ட பேப்பரை இரண்டாகக் கிழித்து மிளகாய்க் குப்பைக்குள் போட்டார். "இந்த ஓணம் கணக்கு மட்டும் முடிச்சுக் குடும். பெறவு ஒம்ம அட்டைகிட்ட போரும்" என்றார். செப்டம்பரில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல். பாயை விரிக்கச் சொல். பித்தான் போன சட்டை நாலு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அப்பா,
தாணுமாலையன்

கையெழுத்துப் போட்ட பிறகும் கவரை ஒட்ட மனசு வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். முடிந்து இறங்கும்போது ஜட்ஜ் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "பின்னெ எந்தினா அச்சா இத்ரயும் காலம் அங்ஙனெ பறஞ்ஞது?" என்றாள், இத்தனை நாள் ஏன் அப்படிச் சொன்னேன் என்று. வசூல்காரன் பழக்கம் மேடம், நாற்பது வருஷமாக் கேட்ட சொல்லு, நாக்குல ஒட்டிப் போச்சு என்றேன். கோர்ட்டே சிரித்தது, அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் நல்ல மனசோடு கேட்டாள், உள்ள பதிலை நான் சொல்லவில்லை. பேங்க் பெண்ணிடம் அப்படிச் சொல்லிப் போனை வைத்த நாளில் எல்லாம், சாயங்காலம் விளக்கு வைக்கும் வரைக்கும், அவன் வெளியேதான் போயிருந்தான்.